நோர்வூட்டின் இரும்பு: கழித்துப் போட்டதிலிருந்து எழுந்த கொல்லுப்பட்டறைகள்

இலங்கைத் தேயிலையின் வரலாற்றை எழுதியோர் பலர். விதை கொண்டுவந்தவரையும் தோட்டம் திறந்தவரையும், இயந்திரம் கண்டுபிடித்தவரையும் ஏலத்தில் விலை பேசியவரையும் அவ்வரலாறுகள் பெயர் சொல்லிப் போற்றுகின்றன. கொழுந்து பறித்த பெண்களும், காலந்தாழ்த்தியேனும், அவ்வேடுகளில் இடம்பெற்றுவிட்டனர். ஆனால் கவ்வாத்துக் கத்திக்குத் தோய்ச்சல் போட்டவனைப் பற்றி நான் படித்த நூல்களில் ஒரு பந்திகூட இல்லை.

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை மறுபிறவி எடுக்கவைக்கும் வேலை. தோட்டத்தின் உயரத்தைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவார்கள். வெட்டு ஒரே வீச்சில் விழவேண்டும். வெட்டுமுகம் சரிவாகவும் வழுவழுப்பாகவும் இருக்கவேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் தண்டு பிளக்கும். பிளவில் மழைநீர் தங்கும், தங்கிய நீர் தண்டை அழுகச் செய்யும். ஆக, ஒரு மலையின் அடுத்த சில ஆண்டு விளைச்சல் ஒரு கத்தியின் விளிம்பைப் பொறுத்தே இருக்கிறது. அந்த விளிம்பை ஆக்கித் தந்த உலைக்களங்களைப் பற்றியதே இக்கட்டுரை. குறிப்பாக, பிறர் வேண்டாமென்று எறிந்த இரும்பைப் பொறுக்கி, வீட்டோரத்தில் பட்டறை அமைத்துக்கொண்ட நோர்வூட் பகுதிக் கொல்லர்களைப் பற்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக இறங்கும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மஸ்கெலியாவுக்கும் மற்றது பொகவந்தலாவைக்கும் செல்கிறது. கெஹெல்கமு ஓயா இவ்வூரைத் தொட்டுக்கொண்டு காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடுகிறது. சுற்றிலும் தோட்டங்கள். தோட்டங்களுக்கு வேண்டிய மண்வெட்டி, முள்ளு, அலவாங்கு, சுரண்டி, கத்தி ஆகியவற்றின் பழுது பார்க்கும் வேலை இத்தகைய சந்தி நகரங்களையே நம்பியிருந்தது.

இம்மலைகளுக்கு இரும்பு வெள்ளைக்காரனோடுதான் வந்தது என்று எண்ணுவது தவறு. பொகவந்தலாவைக்கு அப்பால் மலை இறங்கினால் பலாங்கொடை. அங்கிருந்து தெற்கே சமனலவெவப் பகுதியில், மலைச்சரிவுகளில் காற்றின் வேகத்தையே துருத்தியாகக்கொண்டு இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களைத் தொல்லியலாளர் கில் யூலெஃப் கண்டறிந்தார். அவரது ஆய்வு 1996 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பருவக்காற்று வீசும் மாதங்களில், காற்று வரும் திசை நோக்கி அமைக்கப்பட்ட அவ்வுலைகள் கி.பி. 7 ஆம் நூற்றாண்டுக்கும் 11 ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அவற்றில் உயர்ந்த கரிமச் செறிவுடைய எஃகும் உருவாயிற்று என்பது அந்த ஆய்வின் முடிவு.

அம்மரபின் கடைசி மூச்சைப் பதிவுசெய்தவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. கலை விமர்சகராகவே பலரும் அறிந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த புவியியலாளர். பலாங்கொடைப் பகுதியில் எஞ்சியிருந்த இரும்பு உருக்குவோரை அவர் நேரில் கண்டார். காலால் மிதித்து இயக்கும் தோல் துருத்திகளையும் களிமண் உலைகளையும் விவரித்தார். 1908 இல் வெளியான அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் நூலில் அவ்விவரங்கள் உள்ளன. கப்பலில் வந்த மலிவான ஆங்கிலேய இரும்பு உள்ளூர் உருக்குத் தொழிலை அணைத்துவிட்டது. இரும்பை உருக்குவோர் மறைந்தனர். இரும்பை அடிப்போர் மட்டும் மிஞ்சினர்.

சிங்களத்தில் கொல்லுப்பட்டறைக்குக் 'கம்மல' என்று பெயர். யாழ்ப்பாணத் தமிழில் 'கம்மாலை' என்போம். கொல்லர், தச்சர், கன்னார், கல்தச்சர், தட்டார் ஆகிய ஐந்தொழிலோரும் கம்மாளர் எனப்பட்டனர். சொற்கள் உறவாடியதைப் போலவே கைகளும் உறவாடின. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளி பக்கத்துச் சிங்களக் கிராமத்து ஆச்சாரியிடம் கத்தி அடித்து வாங்கியதும், கிராமத்தவர் தோட்டத்துக் கொல்லனிடம் மண்வெட்டிக்கு முனை வைத்ததும் மலையகத்தில் சாதாரண நடைமுறைகளே.

இனி, வந்திறங்கிய இரும்பின் கதைக்கு வருவோம். 1869 இல் கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. கோப்பிக்கு வேண்டியது தோலுரிக்கும் பொறியும் காயவைக்கும் முற்றமுமே. தேயிலைக்கோ உருட்டும் இயந்திரம், உலர்த்தும் உலை, சலிக்கும் பொறி, இவற்றையெல்லாம் இயக்கும் விசை என்று ஒரு முழுத் தொழிற்சாலையே தேவைப்பட்டது. பெல்ஃபாஸ்ட் நகரின் டேவிட்சன் 'சிரொக்கோ' உலர்த்திகளை அனுப்பினார். இங்கிலாந்தின் கெய்ன்ஸ்பரோவிலிருந்து மார்ஷல் கம்பனியின் உருட்டுப்பொறிகள் வந்தன. கண்டியில் 1854 இல் தொழில் தொடங்கிய ஜோன் வோக்கரின் நிறுவனமும், 1875 இல் ஹட்டனில் சிறு பட்டறையாகத் தொடங்கிய பிரவுண் நிறுவனமும் தோட்ட இயந்திரங்களாலேயே வளர்ந்தவை. 1884 இல் ரயில் பாதை ஹட்டனை எட்டியது. அன்றிலிருந்து இம்மலைகளில் இரும்பு மழைபோலக் கொட்டியது என்றால் மிகையன்று.

கைக்கருவிகளும் கப்பலிலேயே வந்தன. வுல்வர்ஹம்ரன் நகரின் சில்லிங்டன் கம்பனி செய்த முதலைச் சின்ன மண்வெட்டிகள் உலகின் பெருந்தோட்டங்கள் பலவற்றுக்குச் சென்றன. 'மண்வெட்டி' என்ற நமது சொல்லே உருமாறி 'மமொட்டி' என்று இலங்கையின் ஆங்கிலத்தில் குடியேறியது. சொல் இங்கிருந்து போயிற்று, பொருள் அங்கிருந்து வந்தது.

ஆனால் எந்தக் கப்பலும் பழுதுபார்ப்பைக் கொண்டுவருவதில்லை. கல் நிறைந்த மலைச்சரிவில் மண்வெட்டியின் வாய் விரைவில் தேயும். முள்ளின் பல் வளையும். அலவாங்கின் முனை மழுங்கும். ஆகவே தேயிலைத் தொழிற்சாலையில், தோட்ட வழக்கில் சொன்னால் 'ஸ்டோரில்', இயந்திரங்களுக்காக ஒரு பட்டறை இருந்தது. லயத்தோரத்தில், தொழிலாளரின் கருவிகளுக்காக இன்னொரு பட்டறை முளைத்தது. முன்னது துரையின் சொத்து. பின்னதில் இருந்த ஒவ்வொரு பொருளும் முன்னது கழித்துப் போட்டது.

அந்தக் கழிவு எப்படி வந்தது? மூன்று அலைகளாக வந்தது என்பது என் கணிப்பு.

முதலாவது அலை மின்சாரம். அதற்கு முன்னர் தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்கள் நீர்ச்சக்கரத்தாலோ நீராவியாலோ எண்ணெய் எஞ்சினாலோ இயங்கின. ஒரே விசை. அது கூரையின்கீழ் நீண்டு ஓடும் இரும்புத் தண்டைச் சுழற்றும். தண்டிலுள்ள சக்கரங்களிலிருந்து பட்டிகள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் இயக்கும். மஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் முன்வைத்த திட்டம், 1950 இல் லக்ஷபான மின்நிலையமாக உருப்பெற்றது. நோர்வூட்டுக்குக் கீழே காசல்ரீ அணை 1965 இல் எழுந்தது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வந்த பின்னர், கூரைத் தண்டுகளும் சக்கரங்களும் நீராவிக் குழாய்களும் வேலையற்றுப்போயின.

இரண்டாவது அலை வீதி. மாட்டு வண்டிக்குப் பதில் லொறியும் பஸ்ஸும் வந்தன. 1958 இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மலைவீதியின் வளைவுகளிலும் குழிகளிலும் ஸ்பிரிங் தகடுகள் உடைந்துகொண்டே இருந்தன. உடைந்த ஸ்பிரிங் தகடு கொல்லனுக்குப் பொன். அது ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது அலை அரசியல். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. அதே காலத்தில், 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின்படி தோட்டங்கள் அரசுடைமையாயின. வெளிநாட்டுக் கருவிகள் வருவது சுருங்கிவிட்ட அவ்வாண்டுகளில் பழைய இரும்பைப் புதிதாக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பு ஏறியது. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைத்துவத்துக்கு மாறின. அதன்பின் மூடப்பட்ட தொழிற்சாலைகளின் இயந்திரங்கள் கிலோக் கணக்கில் பழைய இரும்பு வியாபாரிகளிடம் சென்றன. பெல்ஃபாஸ்டிலிருந்து கப்பலேறி வந்த இரும்பின் கடைசித் துண்டுகள் சந்தியிலுள்ள இரும்புக்கடை வாசலில் குவிந்தன.

பத்திரிகைப் பணிக்காக இப்பகுதிக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். அப்பயணங்களில் ஒருமுறை, நோர்வூட்டை அண்டிய ஒரு தோட்டத்தில், லயத்தின் கோடியில் தகரம் வேய்ந்த ஒரு பட்டறையில் அரைநாள் அமர்ந்திருந்தேன். எழுபதைத் தாண்டிய அப்பெரியவர் தம் கருவிகளின் பூர்வீகத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

பட்டறைக்கல், அதாவது அடைகல், ஒரு தண்டவாளத் துண்டு. ஆனால் அதை அவர் படுக்கவைக்கவில்லை. சுமார் மூன்றடித் துண்டை நிமிர்த்தி, பாதியைத் தரையில் புதைத்திருந்தார். காரணம் எளிது. யார் ஒன்றுக்கு 80 இறாத்தல் எடையுள்ள தண்டவாளத்தில் ஓர் அடி ஏறத்தாழ 12 கிலோ. படுக்கவைத்தால் சம்மட்டியின் கீழ் நிற்பது மெல்லிய நடுத்தகடு மட்டுமே. அது துள்ளும், அடியின் வலு சிதறும். நிமிர்த்தினால் மூன்றடியின் 36 கிலோவும் நேர் கீழே நிற்கிறது. கடையில் விற்கும் நல்ல அடைகல் 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். அதை வாங்க முடியாதவன் எடையின் குறையை மண்ணைக்கொண்டு ஈடுசெய்கிறான். "அடிய வாங்குறது கல்லு இல்ல தம்பி, மண்ணு" என்றார் அவர்.

உலை ஒரு லொறியின் பிரேக் டிரம். அடியில் ஏற்கெனவே உள்ள துளையே காற்று நுழையும் வாய். காற்றுக்குழாய் ஸ்டோரில் கழற்றிய கறுத்த நீராவிக் குழாய். நாகம் பூசிய தண்ணீர்க் குழாயை அவர் உலைக்கருகில் அண்டவிடுவதில்லை. சூடேறினால் நாகம் வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தவனுக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். இதை அவருக்கு எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்கவில்லை. அவருடைய தகப்பனார் அப்படி ஓர் இரவு நடுங்கிக் கிடந்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்.

துருத்தி ஒரு துவிச்சக்கரவண்டிச் சக்கரம். ஆட்டுத்தோல் துருத்தியைத் தாம் சிறுவனாக இருந்தபோது ஊதியதாகச் சொன்னார். மலையின் ஈரத்தில் தோல் பூஞ்சணம் பிடித்து வெடிக்குமாம். இப்போது சக்கரத்தின் விளிம்பில் கயிறு ஓடி, தகரக் கூட்டுக்குள் இருக்கும் விசிறியின் சிறு உருளையைச் சுற்றுகிறது. சக்கரம் 24 அங்குலம், உருளை 2 அங்குலம் என்றால், கை ஒருமுறை சுற்ற விசிறி பன்னிரண்டு முறை சுற்றும். நிமிடத்துக்கு 60 சுற்று ஒரு சிறுவனால்கூட முடியும். விசிறி 720 முறை சுழலும். கத்தி சிவக்க அது போதும். எரிபொருள் கீழ்நாட்டிலிருந்து வரும் சிரட்டைக்கரி.

பற்சக்கரம் ஒன்று ஓரமாகக் கிடந்தது. வார்ப்பிரும்பு ஆதலால் அதை அடித்து எதுவும் ஆக்க முடியாது. அடித்தால் நொறுங்கும். ஆனால் அதன் பல்லிடுக்குகளை அவர் அச்சாகப் பயன்படுத்தினார். முள்ளின் பற்களை ஒரே அளவில் வளைப்பதற்கு அவ்விடுக்கு வாகாக இருந்தது. கூரைத் தண்டின் ஒரு முழத்துண்டு, மண்வெட்டியின் காதை வளைக்கும் உருளை. குறடுகள் கட்டடக் கம்பியில் அவரே அடித்தவை. காந்தம் ஒரு பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது. வாங்கிய பொருள் எது என்று கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, அரத்தைக் காட்டினார். அதுவும் தேய்ந்தபின் கத்தியாகிவிடும் என்றார்.

கழிவிரும்பில் எது எதற்கு உதவும் என்று அறிவதே இத்தொழிலின் பாதி. சாதாரணக் கட்டடக் கம்பியில் கரிமம் நூற்றுக்குக் கால் பங்களவே. சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தாலும் அது பெரிதாகக் கடினமாகாது. குறட்டுக்கும் ஆணிக்கும் அது போதும், கத்திக்கு ஆகாது. ஸ்பிரிங் தகட்டில் கரிமம் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் சற்று மேல். அது கடினமாகும், ஆனால் எளிதில் உடையாது. கவ்வாத்துக் கத்திக்கு உகந்தது அதுவே. அரத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கும். கூர் நிற்கும், கல்லில் பட்டால் தெறித்துவிடும். எது எது என்று அறியச் சாணைக்கல்லில் பிடித்துப் பொறியைப் பார்ப்பார்கள். கரிமம் குறைந்த இரும்பு நீண்ட, எளிய கோடாகப் பொறி விடும். கரிமம் கூடக்கூட அது பூவாணம் போல வெடித்துக் கிளைக்கும்.

தோய்ச்சலுக்கு முன் கத்தியைக் காந்தத்தில் தொட்டுப் பார்த்தார். சுமார் 770 பாகை செல்சியஸில் இரும்பு காந்தத்துக்கு வசப்படாமல் போகும். அந்நிலையைச் சற்றுத் தாண்டியதும் விளிம்பை மட்டும் பழைய எஞ்சின் எண்ணெயில் தோய்த்தார். பின்னர் வெளியே எடுத்து, ஒரு செங்கல் துண்டால் உரசிப் பளபளப்பாக்கினார். முதுகில் எஞ்சியிருந்த சூடு மெல்ல விளிம்பை நோக்கி ஊர்ந்தது. வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என்று நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்தன. மஞ்சள் ஏறத்தாழ 220 பாகை, பழுப்பு 250, நீலம் 300. பழுப்பு கடந்து ஊதா எட்டிப் பார்த்த கணத்தில் கத்தி முழுவதையும் தோய்த்துவிட்டார். மஞ்சளில் நிறுத்தினால் தேயிலையின் முதிர்ந்த தண்டில் கத்தி பல்லுப்போகும். நீலத்துக்கு விட்டால் பகலுக்குள் மழுங்கும். வெப்பமானி காட்டவேண்டியதை அவர் கண் பார்த்துக்கொண்டது.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்கு இவற்றில் சில பழக்கமானவையாக இருக்கலாம். வட அமெரிக்காவில் 1973 இல் கலைக்கொல்லர்களுக்கென ஒரு சங்கம் தோன்றி, மறையவிருந்த தொழில் பொழுதுபோக்காக மறுபிறவி எடுத்தது. பிரேக் டிரம் உலையையும் தண்டவாள அடைகல்லையும் கொண்டு வீட்டுக் கொட்டகையில் பட்டறை அமைப்போர் அங்கு ஏராளம். தாளாத விலைக்கு மாற்றுக் காணும் மனித மூளை எங்கும் ஒரே வழியில்தான் போகிறது போலும். நமது வடக்கிலும் அதே தண்டவாளம் வேறொரு விதியைச் சந்தித்தது. 1990 இல் யாழ்ப்பாண ரயில் நின்றது. போர்க்காலத்தில் அங்கே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது புதிய பாதையில்தான் ஓடியது.

ஆயினும் அமெரிக்க வீட்டுக் கொட்டகைக்கும் நோர்வூட் லயக்கோடிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை எழுதியதில் பயனில்லை.

அங்கே கொட்டகை நிற்கும் நிலம் கொல்லனுடையது. இங்கே அப்படியன்று. தண்டவாளத்தைத் தரையில் புதைக்கவேண்டும் என்றேன். யாருடைய தரையில்? 1948 இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்துப் பங்கிட்டது. குடியுரிமைச் சிக்கல் 2003 இன் சட்டத்துடன் பெரிதும் தீர்ந்தது. ஆனால் லயம் தோட்டத்தினுடையது, லயத்தோரத்து மண்ணும் தோட்டத்தினுடையது என்ற நிலை அதனோடு மாறிவிடவில்லை. பட்டறை இருப்பது நிர்வாகத்தின் பொறுமையால்தான். நிர்வாகி மாறினால் பொறுமையும் மாறலாம்.

இரும்பின் உரிமையும் அப்படித்தான். தோட்டத்தில் கழித்துப் போட்டது என்பதனாலேயே அது பொறுக்கியவனுடையதாகிவிடாது. தண்டவாளம் அரசின் சொத்து. 1982 ஆம் ஆண்டின் பொதுச் சொத்துக்களுக்கெதிரான குற்றங்கள் சட்டத்தின்கீழ் மாட்டிக்கொண்டவனுக்குப் பிணை கிடைப்பதே அரிது. எனவே பெரியவர் ஒவ்வொரு துண்டுக்கும் இரும்புக்கடைத் துண்டுச்சீட்டை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தியிருந்தார். எழுத்து மங்கிய சீட்டுகளும் அதில் இருந்தன. அவருடைய பாட்டனும் தகப்பனும் பிடித்து இழுத்து இறக்கிய பொறியின் துண்டு ஒன்றை வைத்திருக்க, அதை எடைபோட்டுக் காசு கொடுத்து வாங்கியதற்கு அவரிடம் சாட்சி வேண்டியிருந்தது.

2015 இலிருந்து தனிவீடும் 7 பேர்ச் காணியும் என்ற கொள்கை மலையகத்தில் பேசப்படுகிறது. வீடுகள் கட்டப்பட்டும் உள்ளன. அக்காணியின் அளவு போதுமா, உறுதிப்பத்திரம் முழுமையானதா என்ற விவாதங்களை அரசியல் பத்திகளில் நானும் எழுதியிருக்கிறேன். அவ்விவாதங்களில் எவரும் கேட்டிராத ஒரு கேள்வி உண்டு. அந்த ஏழு பேர்ச்சில் ஒரு மனிதன் தன் தொழிலை ஊன்ற இடமிருக்கிறதா? வீடு என்றால் தூங்குமிடம் என்றே திட்டங்கள் எண்ணுகின்றன. தோட்ட வேலையை விட்டு வெளியே வர விரும்பும் குடும்பத்துக்கு வீடு என்பது தையல் இயந்திரம் வைக்குமிடம், மாடு கட்டுமிடம், உலை மூட்டுமிடம். உலைக்கு எட்டடிக்கு எட்டடி போதும். ஆனால் நெருப்பும் ஓசையும் அடுத்தவன் சுவரை ஒட்டி இருக்கமுடியாது.

கண்டி ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அரும்பொருளகமாகி, பழைய இயந்திரங்கள் துடைத்து வைக்கப்பட்டுள்ளன. கம்பளைக்கு அண்மையில் தொழிலாளரின் வாழ்வுக்கென ஓர் அரும்பொருளகம் லயன் அறைகளிலேயே அமைந்திருக்கிறது. இரண்டையும் வாசகர்கள் பார்க்கவேண்டும். ஆனால் கொல்லுப்பட்டறையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டிய காலம் இன்னும் வரவில்லை என்பதே என் எண்ணம். கவ்வாத்து இயந்திரம் வந்த மலைகளிலும் மண்வெட்டிக்கு முனை தேய்கிறது. மரக்கறித் தோட்டக்காரருக்கு முள்ளு வேண்டியிருக்கிறது. வாங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ளத்தான் ஆள் குறைவு.

பெரியவரின் பேரன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். தொழில் பிடிக்காமல் போகவில்லை, நன்றாகவே அடிப்பான் என்றார். திரும்பி வருவானா என்று கேட்டேன். "வந்தா எங்க தம்பி கல்ல நடுறது?" என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். பழைய இரும்புக்கடையில் அடைகல் கிடைக்கிறது, உலை கிடைக்கிறது, துருத்தியும் கிடைக்கிறது. அவர் கேட்ட அந்த ஒன்று மட்டும் எந்த இரும்புக்கடையிலும் கிடைப்பதில்லை. அதைக் கொடுக்கவேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.